வியாழனில் விழுந்த வடு

தென்காசியிலும் திருக்குற்றாலத்திலும் வாழ்வோர்க்கு ஆனியும் ஆடியும் சாரற் காலம். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் திறந்து கிடத்தலால், மலையாள நாட்டில் பெய்து தீர்ந்த தென்மேற்குப் பருவக்காற்று, எஞ்சிய ஈரத்தை அவ்வழியே சுமந்துவந்து நம் பக்கத்தில் தூவிச் செல்கிறது. அருவிகள் நிரம்புகின்றன; அயலூரார் திரண்டு வருகின்றனர்; உள்ளூர் வணிகர் முகம் மலர்கிறது. ஆனால் வானத்து மீன்களைப் பார்க்க விரும்பும் மாணவனுக்கு அந்த இரு மாதங்களும் பெரும்பாலும் வறண்ட காலமே. பகலிற் கதிரவன் முகம் காட்டுவதே அரிதாக இருக்கையில், இரவில் கோள்களைக் காண்பது எங்ஙனம்?

இதை நான் முதலிற் கூறுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு வான்பொருள் மற்றொன்றின்மேல் மோதியதை மனிதர் முதன்முதல் கண்ணாரக் கண்டது 1994-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில். அதற்குச் சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2009-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அத்தகைய இன்னொரு மோதலின் தழும்பு காணப்பட்டது. இரண்டும் நிகழ்ந்தது வியாழன் என்னும் கோளிலேதான். முன்னதை உலகமே எதிர்நோக்கிக் காத்திருந்தது. பின்னதையோ ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. தம் வீட்டுக் கொல்லையில் தொலைநோக்கி வைத்திருந்த ஒரு தனி மனிதர் அதனைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். வானத்தில் நேரும் விபத்துக்களுக்குச் சாட்சி சொல்வோர் யார், அச்சாட்சியை நாம் எப்போது ஏற்கிறோம் என்பதே இன்று நான் சொல்ல வந்த வரலாறு.

வியாழனை நாம் அனைவரும் அறிவோம். பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகளில் குருப்பெயர்ச்சி என்றால் அறியாதவர் இல்லை. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு முறை கதிரவனைச் சுற்றிவரும் அக்கோள், குறுக்களவில் நம் பூமியைப்போல் பதினொரு மடங்கு பெரியது. எடையில் 318 மடங்கு மிகுந்தது. அதற்கு நாம் கால் ஊன்றத்தக்க நிலம் இல்லை. நாம் தொலைநோக்கியில் காண்பது மேகப் பட்டைகளின் மேற்பரப்பையே. இவ்வளவு பெரிய உருண்டை பத்து மணி நேரத்துக்குள், அதாவது 9 மணி 55 நிமிடத்தில், தன்னைத்தானே ஒரு முறை சுற்றிவிடுகிறது. எடை மிகுதியால் அதன் ஈர்ப்பும் மிகுதி. அவ்வழியாகச் செல்லும் வால்வெள்ளிகளையும் குறுங்கோள்களையும் வளைத்து இழுப்பதும், சிலவற்றைத் தொலைவில் எறிந்துவிடுவதும், சிலவற்றைத் தன்மேலேயே விழச் செய்வதும் அதன் இயல்பு.

1993-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் இரவு. அமெரிக்க நாட்டில் கலிபோர்னியாவிலுள்ள பலோமார் மலையில், யூஜீன் ஷூமேக்கர் என்னும் நிலநூல் அறிஞரும், அவர் மனைவி கரோலினும், டேவிட் லெவி என்னும் நண்பரும் 18 அங்குலத் தொலைநோக்கி ஒன்றில் வானத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். கரோலின் அம்மையார் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பின்னர், ஐம்பத்தோராம் வயதில் இத்துறைக்கு வந்தவர். வந்தபின் முப்பதுக்கும் மேற்பட்ட வால்வெள்ளிகளைக் கண்டறிந்தவர். லெவி ஊதியத்துக்காக அன்றி விருப்பத்துக்காக வானம் பார்த்தவர். அன்று மேகம் சூழத் தொடங்கியது. போதாக்குறைக்கு, அவர்கள் கைவசமிருந்த படப்பிலிம் பெட்டி ஒன்று முன்னரே எவராலோ திறக்கப்பட்டு, உள்ளிருந்த பிலிம்கள் ஓரங்களில் ஒளிபட்டுக் கெட்டிருந்தன. நல்ல பிலிமை மேகத்தில் வீணாக்குவானேன் என்று எண்ணி, கெட்டவற்றையே பொருத்தி, மேகத்தின் இடைவெளிகளில் வியாழனுக்கு அருகிலுள்ள வானத்தைப் படம் எடுத்தனர்.

இரண்டு நாள் கழித்துக் கரோலின் அப்படங்களை ஆராய்ந்தபோது, ஒரு வால்வெள்ளி காலால் மிதித்து நசுக்கியது போலக் காட்சி தந்தது. உடனே அரிசோனாவில் கிட் பீக் மலையிலிருந்த ஜிம் ஸ்காட்டி என்பவருக்குச் செய்தி அனுப்பினர். அவர் தம் கருவியால் பார்த்து, அது உண்மையே என்றும், ஒரு வால்வெள்ளி பல துண்டுகளாகி மணிகள் கோத்த சரம்போல் வரிசையாகச் செல்கிறது என்றும் உறுதி கூறினார். முதற் சாட்சி கண்டதை இரண்டாம் சாட்சி உறுதிசெய்த பின்னரே அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இந்த முறையை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இவ்வரலாறு முழுவதிலும் அது திரும்பத் திரும்ப வரும்.

பின்னர்க் கணக்கிட்டுப் பார்த்ததில், அந்த வால்வெள்ளி 1992-ஆம் ஆண்டு ஜூலையில் வியாழனுக்கு மிக அருகே சென்று, அதன் ஈர்ப்பினால் உடைந்தது என்பது தெரிந்தது. 1993 மே மாதத்தில் மற்றொரு செய்தியும் வெளிவந்தது: அத்துண்டுகள் யாவும் அடுத்த ஆண்டு ஜூலையில் வியாழன்மேலேயே விழும்! ஆயினும் விழும்போது என்ன தெரியும் என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. கடலிற் கல் விழுந்ததுபோல் ஒன்றும் தெரியாது போகலாம் என்று எழுதியவர்களும் இருந்தனர்.

1994 ஜூலை 16 முதல் 22 வரை இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, விநாடிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வியாழனுள் பாய்ந்தன. நெருப்புக் குழம்பு மேகங்களுக்கு மேலே சுமார் 3,000 கிலோமீட்டர் உயரம் எழும்பியது. 18-ஆம் நாள் விழுந்த பெருந்துண்டு உண்டாக்கிய கருவடு ஏறத்தாழ 12,000 கிலோமீட்டர் அகலம். நம் பூமியின் குறுக்களவுக்கு அது நெருங்கியது. எல்லாவற்றிலும் வியப்பு, இவ்வடுக்கள் சிறு தொலைநோக்கிகளிலும் தெளிவாகத் தெரிந்ததுதான். மூன்று அங்குலக் கருவி வைத்திருந்த பள்ளி மாணவரும், ஆகாயத்தில் மிதந்த ஹபிள் தொலைநோக்கியை ஆண்ட அறிஞரும், அவ்வாரத்தில் ஒரே பொருளைக் கண்டனர். அந்த நாட்களில் குரு துலாத்தில் இருந்தது. கதிரவன் மறையும் வேளையில் நம் ஊர்களுக்கு அது உச்சிக்குச் சற்றுத் தெற்கே நின்றது. இதைவிட வாய்ப்பான இடம் வேண்டா. ஆனால் அது சாரற் காலம். கோள் தலைக்கு மேல் நின்றாலும், இடையில் நிற்பது மேகமாயின் என் செய்வது?

இனி, ஒரு கேள்வி எழுந்தது. இவ்வளவு கரிய வடுக்களை இவ்வளவு சிறிய கருவிகளே காட்டுமாயின், கலிலியோ தொலைநோக்கியை வியாழன்பால் திருப்பிய 1610 முதல் 1994 வரை ஏறக்குறைய நானூறு ஆண்டுகளில் எவரும் இதைப் போன்ற ஒன்றைக் கண்டதில்லையா? அறிஞர்கள் பழைய ஏடுகளைப் புரட்டினர். வியாழனில் புள்ளி கண்டதாக எழுதிவைத்தவர்கள் பலர். ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை துணைக்கோள்களின் நிழல்கள், அல்லது மேகப் பட்டைகளில் இயல்பாகத் தோன்றும் திட்டுகள். வழக்கு மன்றத்தில் நிற்கத்தக்க சாட்சி கிடைப்பது அரிதாயிற்று.

அப்போது ஜப்பானிலிருந்து ஒரு செய்தி வந்தது. இஸ்ஷி டாபே என்பவர் வியாழனைப் பற்றிய பழைய சித்திரங்களைத் தேடித் திரட்டுவதில் ஈடுபாடு கொண்ட ஆர்வலர். பாரிஸ் நகரத்து வான்காட்சி நிலையத்தின் தலைவராக இருந்த காசினி என்னும் பேரறிஞர் 1690-ஆம் ஆண்டு டிசம்பரில் வரைந்த வியாழச் சித்திரங்கள் டாபேயின் கண்ணிற் பட்டன. டிசம்பர் 5-ஆம் நாள் அக்கோளில் ஒரு கரும்புள்ளி தோன்றுகிறது. அடுத்தடுத்த சித்திரங்களில் அது வியாழக் காற்றினால் இழுபட்டு நீள்கிறது, சிதைகிறது. 23-ஆம் நாள் வரை காசினி அதனைத் தொடர்ந்தார். 1994-இல் நாம் கண்ட வடுக்களும் இவ்வாறே நீண்டு சிதைந்தவை. டாபேயும், வதனபே முதலிய வான நூலாரும் சேர்ந்து இதனை 1997-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர்.

காசினி இதை ஏன் பதினெட்டு நாள் விடாது வரைந்தார்? அவருக்கு வால்வெள்ளி மோதல் என்ற எண்ணமே இருந்திருக்க இயலாது. 1665-ஆம் ஆண்டிலேயே வியாழனின் புள்ளிகளைப் பின்தொடர்ந்து, அக்கோள் தன்னைச் சுற்றும் காலத்தை 9 மணி 56 நிமிடம் என்று அளந்தவர் அவர். புள்ளி ஒன்று தென்பட்டால் நாள், மணி குறித்து வரைந்துவைப்பது அவர் வழக்கம். தாம் கண்டதன் பொருள் தமக்கே விளங்காத நிலையிலும், கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொரு நாட்டான் அதற்குப் பொருள் கண்டான். ஆயினும் ஆய்வாளர்கள் இதனை ‘மோதலாக இருக்கக்கூடும்’ என்ற அளவிலேயே கூறுகின்றனர். அதுவே முறை. ஏனெனில் காசினிக்கு இரண்டாம் சாட்சி கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் கிழக்கே எவரிடமும் தொலைநோக்கி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, அதுவும் நம் தமிழ்க் கரையில் இருந்தது. பிரெஞ்சு நாட்டுப் பாதிரியார் ழான் ரிஷோ, சயாம் நாட்டுக்கு அனுப்பப்பட்ட ஏசு சபையாருள் ஒருவர். அங்கே 1688-இல் அரசியற் புரட்சி நிகழவே, அவர் புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1689-ஆம் ஆண்டு டிசம்பரில், காசினி புள்ளி காண்பதற்குச் சரியாக ஓராண்டு முன்னர், அவர் புதுச்சேரியிலிருந்து ஒரு வால்வெள்ளியைத் தொலைநோக்கி கொண்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். அவ்வாறு பார்க்கும்போது, தென்வானில் ஒளிரும் ஆல்பா செண்டாரி என்னும் பெருமீன் ஒன்றன்று, இரண்டு மீன்களின் இணை என்பதைக் கண்டார். நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் குடும்பம் இரட்டை என்று உலகம் அறிந்தது புதுச்சேரி மணலில் நின்ற ஒருவரால்! வால்வெள்ளியைத் தேடிப் போனவருக்கு விண்மீன் இரட்டை கிடைத்தது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்பது வான நூல் வரலாற்றில் அடிக்கடி நேர்வது.

தமிழ்நாட்டில் நிகழ்ந்த இன்னொரு கதை, இரண்டாம் சாட்சி கிடைக்காவிட்டால் என்ன நேரும் என்பதை நன்கு காட்டுவது. பியலா என்னும் வால்வெள்ளி 1846-ஆம் ஆண்டில் இரண்டாகப் பிளந்தது. 1852-இல் இரட்டையாகவே திரும்பி வந்தது. பின்னர் எவர் கண்ணிலும் படவில்லை. 1872-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் இரவு, அவ்வால்வெள்ளியின் பாதையைப் பூமி கடந்தபோது, எரிமீன்கள் மழையாகக் கொட்டின. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரிலிருந்த கிளிங்கர்பியூஸ் என்னும் அறிஞர் ஒரு கருத்துக் கொண்டார்: அந்த வால்வெள்ளி பூமியை உராய்ந்து சென்றிருக்குமாயின், இப்போது தென்வானில் நமக்கு முதுகு காட்டிப் போய்க்கொண்டிருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து அதைக் காண இயலாது. உடனே சென்னை வான்காட்சி நிலையத்துக்குத் தந்தி அடித்தார். ‘பியலா 27-ஆம் நாள் பூமியைத் தொட்டது, செண்டாரசு மண்டலத்தருகே தேடுக’ என்பது அதன் கருத்து.

சென்னையில் அப்போது அரசாங்க வான நூலாராக இருந்தவர் நார்மன் போக்சன். 1861-இல் சென்னையிலிருந்தே ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயரிட்டவர். தந்தி கண்டதும் அவர் தேடினார். டிசம்பர் முதல் வாரம்; சென்னைக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகத்தின் இடைவெளியில், குறிப்பிட்ட திசையில், ஒரு வால்வெள்ளியை உண்மையாகவே கண்டார்! மறுநாளும் கண்டார். அதற்குமேல் வானம் இடங்கொடுக்கவில்லை. ஒரு வால்வெள்ளியின் பாதையைக் கணக்கிடக் குறைந்தது மூன்று நாட்களின் இருப்பிடம் வேண்டும் என்பது உயர்கணிதம் பயிலும் மாணவர் அறிவர். கிடைத்ததோ இரண்டு. வேறு எந்த ஊரிலிருந்தும் எவரும் அதைக் காணவில்லை. போக்சன் கண்டது பியலாவின் துண்டா, வழிப்போக்காக வந்த வேறொரு வால்வெள்ளியா என்பது ஐயமாகவே நின்றுவிட்டது. மூன்றாம் நாள் ஒரு மணி நேரம் மேகம் விலகியிருந்தால், அல்லது யாழ்ப்பாணத்திலோ நெல்லையிலோ ஒரு தொலைநோக்கி விழித்திருந்தால், அவ்வழக்குத் தீர்ந்திருக்கும்.

மீண்டும் வியாழனுக்கு வருவோம். 2009 ஜூலை 19. ஆஸ்திரேலியாவில் மரும்பேட்மன் என்னும் சிற்றூர். கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழிலுடைய ஆந்தனி வெஸ்லி, தம் வீட்டிலிருந்த பதினான்கரை அங்குலத் தொலைநோக்கியால் வியாழனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். காற்று நிலை நன்றாக இல்லை. நிறுத்திவிடலாமா என்று எண்ணியவர், சற்று நேரம் வீட்டுக்குள் சென்று தொலைக்காட்சியில் விளையாட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார். திரும்பியபோது வியாழனின் தென்முனைக்கு அருகே ஒரு கருந்திட்டு மெல்லச் சுழன்று வந்துகொண்டிருந்தது. துணைக்கோளின் நிழலோ என்று ஐயுற்றார். நிழலாயின் இருக்கவேண்டிய இடம் அதுவன்று. இரண்டு நாள் முன்னர்த் தாம் எடுத்த படத்தைப் பார்த்தார். அவ்விடம் வெறுமையாக இருந்தது. செய்தி பறந்தது. ஹவாய்த் தீவின் மௌனா கீ மலையிலிருந்த பெரிய கருவி அதை உறுதி செய்தது. ஜூலை 23-ஆம் நாள் ஹபிள் தொலைநோக்கியும் அத்திசை திரும்பிற்று. விழுந்தது சில நூறு மீட்டர் அகலமுள்ள பொருள். அது வால்வெள்ளியன்று, குறுங்கோளாகவே இருக்கக்கூடும் என்பது பின்வந்த ஆய்வின் முடிவு. விழுந்த கணத்தை எவரும் காணவில்லை. வடுவை மட்டுமே கண்டனர்.

விழும் கணத்தையும் கண்ட பேறு அதே வெஸ்லிக்கு அடுத்த ஆண்டே கிட்டியது. 2010 ஜூன் 3-ஆம் நாள், அவருடைய அசைபடத்தில், வியாழன்மேல் ஓர் ஒளிப்பொட்டு இரண்டு விநாடி மின்னி மறைந்தது. கருவிக் கோளாறாக இருக்கலாம் என்று எவரும் சொல்லக்கூடும். ஆனால் அதே நேரத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டுச் செபு நகரில் கிறிஸ்டோபர் கோ என்பவரும் வியாழனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். செய்தி கேட்டுத் தம் படத்தைப் பார்த்தார். அதே விநாடியில், அதே இடத்தில், அதே பொட்டு! ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கருவிகள் ஒரே விநாடியில் ஒரே விதமாகப் பழுதுறுவதில்லை. 1690-இல் காசினிக்குக் கிடைக்காத சாட்சி 2010-இல் வெஸ்லிக்குக் கிடைத்தது. விழுந்த பொருளோ மிகச் சிறியது: பத்து மீட்டர் அளவே. வடுவும் மிஞ்சவில்லை.

அதன்பின் இவ்வகைச் செய்திகள் தொடர்ந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானில் தாச்சிகாவா என்பவர் கண்டார். 2012 செப்டம்பர் 10-ஆம் நாள் அமெரிக்காவில் டான் பீட்டர்சன் என்பவர், படம் எதுவும் எடுக்காமல் வெறுங்கண்ணைத் தொலைநோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒரு மின்னலைக் கண்டு எழுதினார். கண்ணாற் கண்டது மட்டும் போதுமா? டெக்சாஸ் மாநிலத்தில் ஜார்ஜ் ஹால் என்பவர் அதைப் படித்துவிட்டு, அன்று தாம் எடுத்த அசைபடத்தைத் தேடினார். மின்னல் அதில் இருந்தது. எனக்கு இவ்விருவர் கதையே மிகவும் பிடித்தது. ஒருவர் கண்டார், படம் இல்லை. மற்றவரிடம் படம் இருந்தது, அவர் காணவில்லை. 2016 மார்ச்சில் ஆஸ்திரியாவில் ஒருவரும் அயர்லாந்தில் ஒருவரும் தனித்தனியே பதிவு செய்தனர்; ஆஸ்திரியர் பயன்படுத்தியது வெறும் 20 சென்டிமீட்டர் கருவி. 2017, 2019, 2021 ஆகிய ஆண்டுகளிலும் இத்தகைய மின்னல்கள் ஆர்வலர்களாற் பதிவாயின.

பெரிய வான்காட்சி நிலையங்கள் இதைச் செய்யலாகாதா? நம் ஜவ்வாது மலையில் காவலூரில் பெரிய தொலைநோக்கிகள் உள்ளன. 1972 ஜூன் 7-ஆம் நாள் வியாழனின் துணைக்கோள் கனிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை அங்கிருந்து நுட்பமாக அளந்தார்கள். ஆனால் அது நாழிகை முன்கூட்டித் தெரிந்த நிகழ்ச்சி. பெரிய கருவிகளின் இரவுகள் பல மாதங்களுக்கு முன்னரே ஆய்வாளர்களுக்குப் பங்கிடப்படுகின்றன. எப்போது வரும் என்று அறியாத இரண்டு விநாடி மின்னலுக்காக அவற்றை இரவெல்லாம் ஒரே கோளின்மேல் நிறுத்திவைக்க எவருக்கும் மனம் வராது. அந்த இடைவெளியைத்தான் ஆர்வலர்கள் நிரப்பினார்கள்.

இதனால் விளைந்த அறிவு சிறிதன்று. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் தலைமையில் 2018-இல் வெளிவந்த கணக்கின்படி, ஐந்து முதல் இருபது மீட்டர் வரையும் அதற்கு மேலும் உள்ள பொருள்கள் ஆண்டொன்றுக்கு 10 முதல் 65 வரை வியாழனில் விழுகின்றன. நம் பூமியிலும் அத்தகையது விழாமல் இல்லை. 2013 பிப்ரவரி 15-ஆம் நாள் ருஷ்ய நாட்டுச் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஏறத்தாழ இருபது மீட்டர் அகலமுள்ள கல் ஒன்று வெடித்தபோது, சன்னற் கண்ணாடிகள் நொறுங்கி ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இவ்வளவுள்ள கற்கள் கதிரவக் குடும்பத்தில் எத்தனை திரிகின்றன என்பதை எண்ணுவதற்கு, வியாழன் ஒரு பெரிய இலக்குப் பலகையாக நமக்கு உதவுகிறது. வியாழன் நம்மைக் காக்கும் கவசம் என்று சிலர் கூறுவதுண்டு. அது சிலவற்றை விலக்குகிறது, சிலவற்றை நம் பக்கமும் திருப்புகிறது. ஆதலால் அக்கூற்றை அப்படியே நம்புவதற்கில்லை.

மேற்கண்ட கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. எத்தனை மின்னல் கண்டோம் என்பது மட்டும் போதாது. எத்தனை மணி நேரம் பார்த்தும் ஒன்றும் காணவில்லை என்பதும் தெரிந்தாலன்றி வகுத்தற் கணக்குப் போட இயலாது. ஒன்றும் நிகழாத இரவின் குறிப்பும் அக்கணக்கில் ஓர் எண்.

இங்கே தென்காசிக்கு ஒரு சிறப்பு உண்டு. வியாழன் பத்து மணி நேரத்தில் சுழல்வதால், அதன் ஒரு முகம் ஜப்பானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தெரிந்து, ஐரோப்பாவில் இருட்டுவதற்குள் திரும்பிவிடும். அந்த இடைப்பட்ட மணிகளில் விழித்திருக்கவேண்டிய நாடுகளுள் நம் நாடு முதன்மையானது. மேலும் தென்காசி வடக்கே ஒன்பது பாகை அளவில் இருப்பதால், வியாழன் எந்த ராசியில் இருந்தாலும் நமக்கு உயரமாகவே எழும். ஐரோப்பியர் அடிவானத்துப் புழுதியூடே காணும் ஆண்டுகளிலும் நாம் அதனைத் தெளிந்த காற்றில் காண்கிறோம். மழைக் கணக்கும் இப்போது நமக்கு ஆதரவாக உள்ளது. கதிரவனுக்கு நேர் எதிரே நின்று வியாழன் இரவு முழுதும் விளங்கும் காலம் 2027-இல் பிப்ரவரியிலும், 2028-இல் மார்ச்சிலும், 2029-இல் ஏப்ரலிலும், 2030-இல் மே மாதத்திலும் வருகிறது. வடகிழக்கு மழை ஓய்ந்து சாரல் தொடங்காத மாதங்கள் அவை.

பார்க்க முனையும் மாணவர்க்கு இரண்டொரு குறிப்பு. வட்டமான கரும்புள்ளி கண்டால் உடனே மகிழற்க. பெரும்பாலும் அது துணைக்கோளின் நிழல். நிழல் வரும் நேரங்கள் வானப் பஞ்சாங்கங்களில் உள்ளன. முதலில் அவற்றோடு ஒப்பிடுக. நிழலாயின் கோளின் முகத்தைக் கடந்து ஒழியும். வடுவாயின் கோளோடு சுழன்று மறைந்து, திரும்ப வரும்: ஐந்து சுழற்சிக்கு 49 மணி 37 நிமிடம் ஆவதால், இன்றிரவு கண்ட வடுவை மறுநாள் கழித்து, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பிந்தி, அதே இடத்தில் காணலாம். மின்னலாயின் திரும்ப வராது. ஆகவே கண்ட விநாடியை அப்போதே குறித்தாக வேண்டும். வேற்று நாட்டார் தம் குறிப்போடு ஒத்துப் பார்ப்பதற்கு, நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்து உலகப் பொதுநேரமாக எழுதுவது வழக்கம். தென்காசியில் இரவு 10 மணி 15 நிமிடம் என்றால், ஏட்டில் 16 மணி 45 நிமிடம். தொடங்கிய நேரம், முடித்த நேரம், கருவியின் அளவு, காற்று நிலை ஆகியவற்றையும் எழுதுக. மேகம் வந்து நிறுத்தினால், எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் எழுதுக.